சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது? தேம்ஸ் நதி தரும் பாடம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்திய உரை)

இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம் சாக்கடை. கூலி, போனஸ், பட்டா, குத்தகை என்று பேசுகிற இடத்தில் சாக்கடைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. நகரத்தில் ஆலைத் தொழிலாளி குடியிருக்கிறார். அவர் வீட்டுக் கழிவு வாய்க்கால் வழியாக ஆற்றில் விழுகிறது. அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் விவசாயத் தொழிலாளி குடியிருக்கிறார். அந்தத் தண்ணீர் பாயும் சேற்றில் இறங்கித்தான் நம் தாய்மார்கள் நாற்று நடுகிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது. அதற்கும் கீழே, ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், மீனவர் வலை வீசுகிறார். ஆக, சாக்கடைக் குழாயின் இந்த முனையில் நிற்பவரும் உழைப்பாளி. அந்த முனையில் நிற்பவரும் உழைப்பாளி.

நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது என்றால் எல்லோரும் மகிழ்ச்சி அடைகிறோம். அது நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து போன சாக்கடை எங்கே போயிற்று? போன இடத்தில் அது என்ன ஆயிற்று? சாக்கடையைக் கடத்துவது வேறு, சுத்தம் செய்வது வேறு. இந்த இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, உலகத்திலேயே பணக்கார நகரமாக இருந்த லண்டன் நூறு வருஷத்துக்கு மேல் பட்ட பாட்டை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். லண்டனை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்றால், ஆலைகளும் ஆலைத் தொழிலாளர் சேரிகளும் பெருகிய முதல் நாடு இங்கிலாந்து. நாம் இன்று படுகிற தொல்லையை அவர்கள் முன்பே பட்டார்கள். பட்டதைக் கணக்காக எழுதியும் வைத்தார்கள்.

வாசலிலிருந்து ஆற்றுக்கு

லண்டனின் ஜனத்தொகை 1801இல் சுமார் 10 லட்சம். 1851இல் 23 லட்சத்துக்கும் மேல். ஐம்பது வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தது. அதை இரவில் தொழிலாளர்கள் வாரி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள பண்ணைகளுக்கு எருவாக விற்றார்கள். ஊர் வளர வளர வயல் தூரமாகிவிட்டது. வண்டிக் கூலி கட்டுப்படியாகவில்லை. குழி நிறைந்து வழிந்தது. தண்ணீர் ஊற்றித் தள்ளும் கக்கூஸ்கள் வசதியுள்ள வீடுகளில் பெருகின. அவற்றின் தண்ணீரும் குழியில் விழுந்து, குழி இன்னும் வேகமாக நிறைந்தது.

1848இல் அமைக்கப்பட்ட சாக்கடைக் கமிஷன் ஒரு முடிவு செய்தது. மலக்குழிகளை மூடு, வீட்டுக் குழாய்களைத் தெருச் சாக்கடையில் சேர், தெருச் சாக்கடையைத் தேம்ஸ் நதியில் விடு! வாசல் சுத்தமாயிற்று. ஆனால் அந்தத் தேம்ஸ் நதியிலிருந்துதான் தனியார் தண்ணீர்க் கம்பெனிகள் குடிநீர் எடுத்து விற்றுக்கொண்டிருந்தன. காலையில் ஆற்றில் தள்ளியதை மாலையில் குடிநீராகக் காசு கொடுத்து வாங்கினார்கள்!

விளைவு காலரா. 1848-49இல் லண்டனில் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1853-54இல் மறுபடியும் 10,000 பேருக்கு மேல். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்று பெரிய டாக்டர்கள் சொன்னார்கள். இல்லை, தண்ணீரில் வருகிறது என்று சொன்னவர் ஜான் ஸ்நோ என்ற டாக்டர். இவர் யார்க் நகரில் நிலக்கரிக் கிடங்கில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் மகன்.

ஸ்நோ என்ன செய்தார்? தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டுத் தண்ணீர் விற்றன. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே காற்று, ஒரே மாதிரி ஜனங்கள். தண்ணீர் மட்டும் வேறு. ஒரு கம்பெனி 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரச் சாக்கடை கலப்பதற்கு மேலே, ஆற்றின் மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மற்றது நகரத்துக்குள்ளேயே, சாக்கடை கலந்த நீரை எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்நோ வீடு வீடாகப் போய் விசாரித்துக் கணக்கெடுத்தார். மேலே எடுத்த கம்பெனியின் தண்ணீரைக் குடித்த வீடுகளில், 10,000 வீட்டுக்கு 37 பேர் செத்திருந்தார்கள். சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்த வீடுகளில், 10,000 வீட்டுக்கு 315 பேர்!

37 எங்கே, 315 எங்கே? சாக்கடைக்கு மேலே இருக்கிறாயா, கீழே இருக்கிறாயா என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருந்த வித்தியாசம். இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

நாற்றம் பார்லிமெண்டை எட்டியது

கணக்கு கையில் இருந்தும் சர்க்கார் அசையவில்லை. பணம் யார் கொடுப்பது, அதிகாரம் யாருக்கு என்று வாதம் நடந்துகொண்டே இருந்தது. 1858ஆம் வருஷம் கோடையில் கடும் வெயில். ஆற்றில் தண்ணீர் வற்றியது. கரையெல்லாம் மலம் படிந்து வெயிலில் அழுகியது. பார்லிமெண்டுக் கட்டடம் தேம்ஸ் கரையில்தான் இருக்கிறது. ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அப்படியும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உடனே மசோதா வந்தது. பதினெட்டே நாளில் சட்டமாயிற்று. ஆயிரமாயிரம் ஏழைகள் செத்தபோது வராத அவசரம், நாற்றம் தங்கள் மூக்கில் ஏறியபோது வந்தது!

வேலை ஜோசப் பேஸல்ஜெட் என்ற இஞ்சினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆற்றில் நேரே விழுந்துகொண்டிருந்த தெருச் சாக்கடைகளைக் குறுக்கே மறித்துப் பிடிக்க, 82 மைல் நீளத்துக்குப் பெரிய செங்கல் சுரங்கக் கால்வாய்கள் கட்டினார். 31 கோடியே 80 லட்சம் செங்கல் செலவாயிற்று. பள்ளமான இடங்களில் கிராஸ்னெஸ், அபே மில்ஸ் போன்ற பம்ப் நிலையங்கள் நீராவி இயந்திரத்தால் சாக்கடையை மேலே தூக்கின. இதையெல்லாம் பூமிக்கடியில் வெட்டிக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் கட்டிய கால்வாய்களில் பெரும்பகுதி இன்றும் வேலை செய்கிறது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 1866இல் மறுபடி காலரா வந்தபோது, புதிய கால்வாய் இணைக்கப்பட்ட பகுதிகள் தப்பித்தன. துறைமுகக் கூலிகளும் ஏழைத் தொழிலாளர்களும் நிறைந்த கிழக்கு லண்டனில் மட்டும் இணைப்பு வேலை முடியவில்லை. அங்கே குடிநீர் விற்ற கம்பெனி திறந்த குளத்துத் தண்ணீரை முறையாக வடிகட்டாமல் அனுப்பியது. ஐயாயிரம் பேருக்கு மேல் செத்தது அந்தக் கிழக்குப் பகுதியில்தான். அதற்குப் பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாக வரவே இல்லை.

கீழே இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் நம் விஷயம் ஆரம்பிக்கிறது. பேஸல்ஜெட்டின் திட்டம் சாக்கடையைச் சுத்தம் செய்யவில்லை. அதை நகரத்துக்குக் கீழே, லண்டன் பாலத்திலிருந்து பத்து மைலுக்கும் அப்பால் கொண்டுபோய், வடகரையில் பெக்டன், தென்கரையில் கிராஸ்னெஸ் என்ற இரண்டு இடங்களில் ஆற்றில் கொட்டியது. தொட்டியில் தேக்கிவைத்து, கடல் நீர் வடியும் வேளை பார்த்துத் திறந்துவிடுவார்கள். நீரோட்டம் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எண்ணம்.

ஆனால் தேம்ஸின் கீழ்ப்பகுதியில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வடிந்தபோது போனது ஏறும்போது திரும்பி வந்தது. பெக்டனுக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊர். 1860களின் கடைசியிலேயே அந்த ஊர் ஜனங்கள் எங்கள் கரை சேறாகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். விசாரணை நடந்தது, நிலைமை மாறவில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு நாற்றம் போய்விட்டது அல்லவா? பிறகு யார் கவலைப்படுவார்கள்?

1878 செப்டம்பர் 3ஆம் தேதி மாலை ஒரு பெரிய விபத்து நடந்தது. 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு லண்டன் ஜனங்களைக் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்தச் சாக்கடை வாய்கள் இருக்கும் பகுதியில் ஒரு சரக்குக் கப்பல் மோதிப் படகு இரண்டாகப் பிளந்தது. சுமார் 650 பேர் மாண்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தொட்டிகளைத் திறந்து சாக்கடையை ஆற்றில் விட்டிருந்தார்கள். தண்ணீரில் விழுந்தவர்கள் அந்தச் சாக்கடையில் தத்தளித்தார்கள். உயிர் தப்பியவர்கள் அந்த நாற்றத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள்.

அதன் பிறகுதான் கேள்வி எழுந்தது. 1882இல் ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. சாக்கடையை அப்படியே ஆற்றில் விடுவது தவறு என்று 1884இல் அது சொன்னது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு, கசடைத் தொட்டியின் அடியில் படியவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஆற்றில் விட ஆரம்பித்தார்கள். சரி, படிந்த கசடு? அதை 1887 முதல் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள்! இந்தக் கப்பல்கள் எவ்வளவு காலம் ஓடின தெரியுமா? 1998ஆம் வருஷக் கடைசி வரை. நூற்றுப் பதினோரு வருஷம்!

பாருங்கள் தோழர்களே. வாசலிலிருந்து ஆற்றுக்கு; நகரத்து ஆற்றிலிருந்து கீழ் ஊருக்கு; கீழ் ஊரிலிருந்து கடலுக்கு. ஒவ்வொரு தடவையும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றார்கள். தீரவில்லை. ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்கு மாறியது. அவ்வளவுதான்.

கடல்தான் பெரியதாயிற்றே, அதில் போனால் என்ன என்று கேட்கலாம். இங்கிலாந்தின் தென்கரையில் எம்ஸ்வொர்த் என்ற சிறு துறைமுகம். அந்த ஊருக்குச் சிப்பிதான் பிழைப்பு. ஆண்கள் சிப்பி எடுப்பார்கள், படகு கட்டுவார்கள், ஊரே அதை நம்பி இருந்தது. உள்ளூர் நகர சபை புதிய சாக்கடை போட்டு, அதன் வாயைச் சிப்பிப் படுகைக்குப் பக்கத்தில் கடலில் திறந்துவிட்டது. 1902 நவம்பரில் வின்செஸ்டர், சவுத்தாம்டன் என்ற இரண்டு நகரங்களில் மேயர்கள் பெரிய விருந்து வைத்தார்கள். எம்ஸ்வொர்த் சிப்பி பரிமாறப்பட்டது. விருந்தாளிகளுக்கு டைபாய்டு கண்டது, சிலர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் பெரிய பாதிரியார். நாடெங்கும் அல்லோலகல்லோலம்! எம்ஸ்வொர்த் சிப்பி வியாபாரம் அன்றோடு படுத்தது. சிப்பி முதலாளி நகர சபை மீது வழக்குப் போட்டு 1906இல் ஜெயித்தார். ஆனால் படுகையில் வேலை செய்த தொழிலாளர்களுக்குப் போன வேலை போனதுதான்.

மான்செஸ்டர் கண்டுபிடித்த வேலையாள்

அப்படியானால் சாக்கடையைச் சுத்தமே செய்ய முடியாதா? முடியும். அந்த வழி நம் ஆலைத் தோழர்களுக்குப் பரிச்சயமான பெயருள்ள நகரத்தில், பஞ்சாலை நகரமான மான்செஸ்டரில் பிறந்தது.

முதலில் சாக்கடை ஏன் ஆற்றைக் கொல்கிறது என்று பார்ப்போம். மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரையும். சாக்கடை கலந்தால், அந்த அழுக்கைத் தின்னும் கிருமிகள் பெருகிப் பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நகரச் சாக்கடையிலுள்ள அழுக்கைத் தின்பதற்கு, ஐந்து நாளில் அவற்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை வேண்டும். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, முப்பது லிட்டர் ஆற்று நீரின் மூச்சைக் குடித்துவிடும்! மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. பிராணவாயு தீர்ந்தபின் வேறு வகைக் கிருமிகள் தலையெடுக்கின்றன. அழுகின முட்டை நாற்றம் அவற்றால் வருவது. தண்ணீர் கறுப்பாகிறது.

அந்தக் கிருமிகள் ஆற்றில் செய்கிற வேலையை, ஆற்றுக்கு வருமுன் ஒரு தொட்டியில் செய்ய வைத்தால் என்ன? வேண்டிய காற்றை நாமே ஊதிக் கொடுத்தால் என்ன? மான்செஸ்டரின் டேவிஹியூல்ம் சாக்கடை நிலையத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரும் இதைச் சோதித்தார்கள். சாக்கடையில் காற்றை ஊதினார்கள். நீர் தெளிந்தபின் அடியில் தங்கிய சேற்றை எறிந்துவிடாமல், அதன்மேலேயே புதுச் சாக்கடையை விட்டு மறுபடி ஊதினார்கள். அந்தச் சேற்றில் கோடானுகோடி கிருமிகள் உயிரோடு இருந்தன. வாரக்கணக்கில் பிடித்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது! தோசை மாவுக்குப் பழைய மாவைக் கொஞ்சம் சேர்த்துப் புளிக்க வைப்பதில்லையா? அதே தத்துவம்தான். 1914 ஏப்ரல் 3ஆம் தேதி இதை வெளியிட்டார்கள். இதற்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் என்ற விஞ்ஞானி 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு ஆசிரியராக வந்தார். ஆகவே இந்த வித்தை நம் பக்கத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெரியாது என்று எந்த முனிசிபாலிடியும் சொல்ல முடியாது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நடப்பது இதுதான். முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், கட்டை எல்லாம் அங்கே நிற்கும். அடுத்து மணல் படியும் தொட்டி. அடுத்து கனமான கசடு படியும் தொட்டி. பிறகு காற்று ஊதும் தொட்டி; கிருமிகளின் பட்டறை இது. கடைசியில் கிருமிச் சேறு படியும் தொட்டி. அந்தச் சேற்றில் ஒரு பகுதி மறுபடி பட்டறைக்குத் திரும்பும். மிச்சத்தை மூடிய கலத்தில் அழுக விட்டால் எரிவாயு கிடைக்கும், மின்சாரம் எடுக்கலாம். வெளியே போகும் நீரில் ஒரு லிட்டருக்கு, ஐந்து நாளில் இழுக்கும் பிராணவாயு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மிதக்கும் தூசு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இது 1912இல் இங்கிலாந்தின் ராயல் கமிஷன் வகுத்த அளவு.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, காற்றுக்கு மின்சாரம் வேண்டும். பல மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் கிருமிகள் மூச்சுமுட்டிச் செயலிழக்கும். கட்டடம் நிற்கும், ரிப்பன் வெட்டிய கல்வெட்டு நிற்கும், சாக்கடை அப்படியே ஆற்றுக்குப் போகும். இரண்டு, சாயப்பட்டறை, தோல் ஷெட், மூலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் கழிவு இதில் கலந்தால் கிருமிகள் சாகும். கிருமி மலத்தைத் தின்னும்; உப்பையும் குரோமியத்தையும் தின்னாது. ஆகவே முதலாளி தன் ஆலைக் கழிவைத் தன் செலவில் சுத்தம் செய்ய வேண்டும். அதை ஊர்ச் சாக்கடையில் கள்ளத்தனமாகக் கலப்பது, தன் செலவை ஊர் தலையிலும் ஆறு தலையிலும் கட்டுவதாகும்.

செத்த நதி பிழைத்தது

வழி 1914இலேயே தெரிந்தது. லண்டன் என்ன செய்தது? அரைகுறையாகச் செய்தது. ஜனத்தொகை பெருகியது, நிலையங்கள் போதவில்லை. யுத்தத்தில் குண்டு விழுந்தது. புதிதாக வந்த சோப்புப் பவுடர் நுரை காற்றைத் தடுத்தது. 1957இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் ஆராய்ந்தபோது, கியூ முதல் கிரேவ்ஸெண்ட் வரை பல மைல் தூரத்துக்கு, விலாங்கு தவிர நிலையாக வாழும் மீன் என்று எதுவும் இல்லை. நதி செத்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

ஆனால் அந்த நதி பிழைத்தது. மந்திரத்தால் பிழைக்கவில்லை. பொதுப் பணத்தைச் செலவழித்தார்கள். 1964இல் கிராஸ்னெஸில் காற்று ஊதும் புதிய நிலையம் திறந்தார்கள். 1970களின் நடுவில் பெக்டன் நிலையத்தை விரிவாக்கினார்கள். ஆலைகள் ஆற்றில் விடுவதற்குச் சட்டம் கடுமையாயிற்று. 1974இல் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு சால்மன் மீன் தேம்ஸில் அகப்பட்டது. சுத்தமான நீர் இல்லாவிட்டால் அந்த மீன் எட்டிப் பார்க்காது. இப்போது 100 வகைக்கும் அதிகமான மீன்கள் தேம்ஸில் பதிவாகியிருக்கின்றன. செத்த ஆறு செத்ததுதான் என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு பாடமும் உண்டு. 1989இல் தாட்சர் சர்க்கார் இங்கிலாந்தின் தண்ணீரையும் சாக்கடையையும் தனியார் கம்பெனிகளுக்கு விற்றது. லண்டன் பகுதி தேம்ஸ் வாட்டர் கம்பெனிக்குப் போயிற்று. அந்தக் கம்பெனிக்கு 2017இல், 2012 முதல் 2014 வரை சுத்தம் செய்யாத சாக்கடையை ஆற்றில் விட்ட குற்றத்துக்காக, நீதிமன்றம் 2 கோடியே 3 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. 2025 மே மாதத்தில் தண்ணீர்க் கட்டுப்பாட்டு அமைப்பு 12 கோடியே 27 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதில் ஒரு பகுதி, விதியை மீறிப் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கொடுத்ததற்காக! குழாயைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. பங்குதாரருக்குக் கொடுக்க இருந்தது.

மழை பெய்தால் மழைநீரும் சாக்கடையும் ஒரே கால்வாயில் கலந்து ஆற்றில் வழிவது லண்டனின் பழைய நோய். அதைப் பிடிக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் கட்டி 2025 பிப்ரவரியில் முழுவதும் இணைத்தார்கள். செலவு 400 கோடி பவுண்டுக்கும் மேல். அது ஜனங்களின் தண்ணீர்ப் பில்லில்தான் ஏறுகிறது.

பொது நிர்வாகம் என்றால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1957இல் நதி செத்தபோது நிலையங்கள் பொது நிர்வாகத்திடம்தான் இருந்தன. ஜனங்கள் கண் வைத்து, கணக்குக் கேட்டு, நெருக்கினால்தான் எந்த நிர்வாகமும் வேலை செய்யும். ஆனால் முனிசிபாலிடியை ஓட்டுப் போட்டு மாற்றலாம். பங்குதாரரை யார் மாற்றுவது?

நாம் கேட்க வேண்டியவை

இனி நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டில் 1974 முதல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆலைக்கு மட்டுமல்ல, முனிசிபாலிடிக்கும் அது பொருந்தும். ஆகவே வார்டு கூட்டத்திலும் கிராம சபையிலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நம் ஊர்ச் சாக்கடையின் வாய் எங்கே இருக்கிறது? எந்த ஓடையில், எந்த ஏரியில், எந்தக் கிராமத்துக்கு மேலே?

இரண்டாவது, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் சாக்கடை உண்டாகிறது? அதில் எத்தனை லிட்டர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது? மிச்சம் எங்கே?

மூன்றாவது, நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் பரிசோதனை முடிவை, கீழ் ஊர் ஜனங்கள் படிக்கும்படி தமிழில் பலகையில் எழுதி வைக்கிறீர்களா?

நான்காவது, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? ஓடுகிறதா?

ஐந்தாவது, எந்தெந்தப் பட்டறைக் கழிவு ஊர்ச் சாக்கடையில் கலக்கிறது?

ஆறாவது கேள்விதான் மிக முக்கியம். இந்த வேலையைச் செய்யும் தொழிலாளியின் கதி என்ன? சாக்கடைக் குழியில் மனிதனைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது; 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இருந்தும் விஷவாயுவில் சாவு நிற்கவில்லை. செத்தவர்கள் பெரும்பாலும் யார்? ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலிக்கு வேலை செய்தவர்கள். தலைமுறை தலைமுறையாக ஜாதியின் பெயரால் இந்த வேலையில் தள்ளப்பட்டவர்கள். மனிதனைக் குழியில் இறக்கி ஆற்றைச் சுத்தம் செய்வது நாகரிகம் அல்ல. இயந்திரம் வேண்டும், நிரந்தர வேலை வேண்டும், தொழிற்சங்கம் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் இரண்டு நிலையங்கள் திறந்தார்கள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் சாக்கடை நீரை மிக உயர்ந்த அளவுக்குச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விலைக்குக் கொடுக்கக் கூடியது. தொழிற்சாலைக்காகச் சுத்தம் செய்ய முடியுமென்றால், கீழ் ஊர் வயலுக்காகவும் மீனவரின் முகத்துவாரத்துக்காகவும் ஏன் முடியாது?

தோழர்களே! நகரத்தில் இருப்பவர்கள் நமக்கு வாசல் சுத்தமானால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. கிராமத்தில் இருப்பவர்கள் நகரத்துத் தொழிலாளியைத் திட்டித் தீர்ப்பதோடு நிற்கக் கூடாது. அவர் வீட்டில் கக்கூஸ் வருவது அவர் உரிமை. அதன் கழிவு சுத்தமாகி உங்கள் வாய்க்காலுக்கு வருவது உங்கள் உரிமை. இந்த இரண்டு உரிமைக்கும் சேர்த்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மீனவர் சங்கமும் ஒன்றாக முனிசிபாலிடி வாசலுக்குப் போகட்டும். பார்க்கிங் ஊர் ஜனங்கள் தனியாகக் கேட்டார்கள்; யாரும் காது கொடுக்கவில்லை. குழாயின் இரண்டு முனையும் சேர்ந்து கேட்டால், காது கொடுத்தே ஆக வேண்டும்!